ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனிதர்தான் நார்மலாக இல்லை

கேள்வி:

என் கணவருக்கு 51 வயது. நாமக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஏழெட்டு மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். தலை எரிகிறது, நெஞ்சு பாரமாக இருக்கிறது, வயிறு உப்புசம் என்று தினமும் ஒரு புகார். இ.சி.ஜி., எண்டோஸ்கோபி, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள், மனிதர்தான் நார்மலாக இல்லை. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. காலையில் குளிக்கக்கூட எழுவதில்லை. கடை திறக்கப் பதினோரு மணி ஆகிறது. ஆனால் சாயங்காலம் ஓரளவு தெளிந்து வாடிக்கையாளர்களிடம் பேசுகிறார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய அண்ணன், "இது சோம்பேறித்தனம், நடிப்பு" என்கிறார். கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, மகன் வேலைக்குப் போய்விட்டான், மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவருக்கு என்ன குறை?

எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இப்போது அதையும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தேன். மனநல மருத்துவரிடம் காட்டும்படி பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னார். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாரோ, கரண்ட் வைத்துவிடுவார்களோ, வெளியே தெரிந்தால் மகள் கல்யாணம் தடைபடுமோ என்று பயமாக இருக்கிறது. நாத்தனார், குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கச் சொல்கிறார். என் மாமியாரும் கடைசிக் காலத்தில் யாரிடமும் பேசாமல் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். போன வாரம் இவர் என்னை உட்காரவைத்து, பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று காட்டினார். "நான் இல்லாவிட்டாலும் நீ சமாளித்துக்கொள்வாய்" என்றார்.

ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடைசி இரண்டு வரிகளை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கல்யாணம், கரண்ட், மாத்திரை எல்லாம் பிறகு. ஐம்பது வயதைத் தாண்டியவர் மனைவிக்குப் பாஸ்புக்கைக் காட்டிவைப்பது சாதாரண நாளில் பொறுப்பான காரியம். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், மெலிந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும் ஒருவர் அதைச் செய்துவிட்டு "நான் இல்லாவிட்டாலும்" என்று சொன்னால், அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "இப்படி இருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆகாது. இது ஆய்வுகளில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். யாராவது கேட்க மாட்டார்களா என்று அந்த எண்ணத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அவர் "ஆமாம்" என்றால் அதிர்ந்துபோய் "அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று வாயை அடைத்துவிடாதீர்கள், "பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றாதீர்கள். சொல்லவிட்டுக் கேளுங்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, 108 இருக்கிறது. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம், அவருக்குப் பதிலாக நீங்களும் பேசலாம்.

அவர் "அதெல்லாம் இல்லை" என்று சொன்னாலும் ஒன்றைச் செய்துவிடுங்கள். வீட்டிலும் கடையிலும் இருக்கும் பூச்சிமருந்துகளையும், தேவைக்கு அதிகமான மாத்திரைகளையும் அங்கிருந்து அகற்றிவிடுங்கள். அன்றாட மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். சாகத் தோன்றும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம் உச்சத்தில் இருந்துவிட்டு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை எந்த மனநல மருத்துவர் படித்தாலும் முதலில் நினைப்பது மனச்சோர்வு நோயைத்தான். சோகமோ, எதிலும் ஆர்வமில்லாத நிலையோ பெரும்பாலான நேரம், தொடர்ந்து இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, எடை, சுறுசுறுப்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், தன்னைத் தானே மட்டமாக நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் சில சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இது இரண்டு வாரம் அல்ல, ஏழெட்டு மாதம்.

"அவர் அழுவதே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். அழுகை கட்டாயமில்லை. நம் ஊரில், அதிலும் ஆண்களிடம், மனச்சோர்வு உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. தலை எரிச்சல், நெஞ்சுப் பாரம், வயிற்று உப்புசம், கை கால் குடைச்சல் என்று வருவார்கள். சிலருக்கு எரிச்சலும் கோபமும் மட்டுமே வெளியே தெரியும். அவர் சொல்லும் எரிச்சல் கற்பனை அல்ல. ஸ்கேன் கருவியில் தெரியாத வலியை அவர் உண்மையாகவே அனுபவிக்கிறார். "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று மருத்துவர்கள் சொல்வது அவரைப் பொறுத்தவரை ஆறுதலே இல்லை. நம்மை யாரும் நம்பவில்லை என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

இப்போது உங்கள் கணவரின் அண்ணன் சொன்ன அந்த "நடிப்பு". கடிதத்திலேயே முக்கியமான தகவலைத்தான் அவர் தப்பாகப் படித்திருக்கிறார். விடியற்காலையில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு, காலையில் எல்லாமே மோசம், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தெளிவு: இது தீவிரமான மனச்சோர்வில் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே வரும் வரிசை. தூக்கத்தையும் சில ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தையும் நடத்துகிற உடம்பின் உள்கடிகாரம் தடம் மாறிப்போவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது. நடிக்கிறவர், பார்க்க ஆள் இருக்கும் நேரத்தில் நடிப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு யாருமில்லாத திண்ணையில் உட்கார்ந்து யாருக்காக நடிக்கிறார்? இந்தப் பத்தியை அவருடைய அண்ணனிடம் படிக்கக் கொடுங்கள்.

இதிலிருந்து இன்னொரு நடைமுறைப் பிரச்சினையும் வருகிறது. கடை மூடும் நேரத்துக்குத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனால், மருத்துவர் பார்ப்பது சாயங்காலத்து மனிதரைத்தான். முடிந்தவரை காலையில் போங்கள். எப்படிப் போனாலும் எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், குளிக்க எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பாஸ்புக் விஷயத்தை மறக்காமல் அதில் எழுதுங்கள். அவர் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச இரண்டு நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள். தவறில்லை.

"அவருக்கு என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வரும் குடும்பங்கள் மாதக்கணக்கை இழப்பது இந்தக் கேள்வியில்தான். காரணம் கிடைத்தால்தான் நோய் என்று ஒப்புக்கொள்வோம், கிடைக்காவிட்டால் சோம்பல் என்போம். கடன், இழப்பு, அவமானம் ஆகியவற்றைத் தொடர்ந்து மனச்சோர்வு வருவதுண்டு. வெளியே தெரிகிற எந்தக் காரணமும் இல்லாமலும் வருவதுண்டு. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இரண்டிலும் காரணம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது கேட்க எளிது, ஆனால் முழு உண்மை அல்ல. பரம்பரை, உடல்நோய், வாழ்க்கைச் சூழல் மூன்றும் வெவ்வேறு அளவில் சேர்ந்து நடக்கிற காரியம் இது.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, மாமியார். அவருக்கு வந்ததும் இதே நோயா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மனச்சோர்வு இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். மற்றொன்று, சர்க்கரை. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. சோர்வு வந்தவர் மாத்திரையை விடுகிறார், சர்க்கரை ஏறுகிறது, உடம்பு இன்னும் தளர்கிறது. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாடும் சோர்வையும் மறதியையும் கொண்டுவரும். அதனால் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். இதுவரை செய்த செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். இன்னொரு ஸ்கேன் வேண்டாம்.

மாத்திரைக்கு வருவோம். இதில்தான் வதந்தி அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செர்ட்ராலின், எஸ்ஸிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் போதை தருபவை அல்ல. நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தூண்டுவதும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் ஓடுவதுபோன்ற உணர்வு வரலாம். அதனால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். வேடிக்கை என்னவென்றால், அடிமைப்படுத்தும் மாத்திரை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கக்கூடும். மெடிக்கலில் அவர் வாங்கும் தூக்க மாத்திரை அல்ப்ரசோலாம், குளோனாசெபாம் வகையாக இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. அது மனச்சோர்வை ஆற்றாது, பழக்கமாகிவிடும். அதற்காக இன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடவும் வேண்டாம். தினமும் பல வாரம் சாப்பிட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் குறைத்துக்கொண்டே வருவார்.

மனச்சோர்வு மாத்திரை அன்றே வேலை செய்வதில்லை. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவிதப் படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், நன்றாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதாவது தொந்தரவு முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. பலர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும். மனம் அதற்குப் பிறகுதான் எழும். உடம்பில் தெம்பு வந்து மனதில் இருட்டு விலகாத அந்த ஆரம்ப வாரங்களில் அவர்மீது கூடுதல் கவனம் வேண்டும். முதல் மருந்து பலிக்காவிட்டால் அளவைக் கூட்டலாம், மருந்தை மாற்றலாம். அது தோல்வி இல்லை, வழக்கமான மருத்துவம்.

தாம்பத்திய ஆர்வம் குறைவது இந்த மருந்துகளில் சிலவற்றின் பக்கவிளைவு. ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சொன்னால் மாற்று மருந்து உண்டு. நீங்களாவது சொல்லுங்கள்.

நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் மாத்திரை தொடர வேண்டும். "அதுதான் சரியாகிவிட்டதே" என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்தியவர்கள், ஐந்தாம் மாதம் அதே திண்ணைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் கேட்க மறந்தாலும் ஒன்றை நீங்களே சொல்லிவிடுங்கள்: முன்பு எப்போதாவது, சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, தாறுமாறாகச் செலவு செய்துகொண்டு இருந்திருக்கிறாரா? இருந்திருந்தால் மருந்தே வேறு. மதுப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை மட்டும் போதுமா? லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும். உங்கள் கணவருக்கு இரண்டும் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சிகிச்சை கொடுத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடமும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் செய்தது மனதை ஆழமாகத் தோண்டும் ஆராய்ச்சி அல்ல. விட்டுப்போன வேலைகளைச் சிறிய அளவில், நேரம் குறித்து, மறுபடி செய்ய வைத்தார்கள். மனம் தெளிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் தெளியாது; வேலை முன்னால் போக வேண்டும். உங்கள் வீட்டில் இதன் பொருள், விடிந்ததும் உங்களோடு தெருமுனைவரை ஒரு நடை, பத்து நிமிடம் கல்லாவில் உட்கார்வது, அவ்வளவுதான். "தைரியமாக இருங்கள்", "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரைகளை வீட்டில் எல்லாரும் நிறுத்திக்கொள்ளட்டும். அவரால் முடிந்திருந்தால் அவரே செய்திருப்பார்.

கரண்ட் பற்றிய பயம் சினிமா தந்தது. பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்கவே தேவையில்லை. புறநோயாளியாக வந்து போனால் போதும். சாப்பாடே இறங்காமல், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்குத்தான் மின்சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான். அப்படிக் கொடுக்காமல் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதே சட்டம்தான் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. மகளின் கல்யாணத்தைப் பொறுத்தவரை, ஏழெட்டு மாதமாகக் கடை பதினோரு மணிக்குத் திறப்பது உங்கள் ஊருக்கு ஏற்கெனவே தெரியும். சிகிச்சை எடுத்துத் தெளிந்த அப்பா கல்யாண வேலையை இழுத்துப் போட்டுச் செய்வதைத்தான் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள். இதைத் தாண்டி ஊர் வாயை மூட என்னிடம் மருந்து இல்லை.

குணசீலத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெருமாள்மீது நம்பிக்கை இருந்தால் போய்வாருங்கள், அது தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 48 நாள் என்பது ஏறக்குறைய ஏழு வாரம். மாத்திரை பலன் காட்டும் காலமும் அதுதான். "நான் இல்லாவிட்டாலும்" என்று சொன்னவர் விஷயத்தில், மருந்து இல்லாமல் அந்த ஏழு வாரத்தைக் கடக்க நான் சம்மதிக்க மாட்டேன். மாத்திரையைத் தொடங்கிவிட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் தரிசனத்துக்கு நீங்களும் கூடவே போய்விட்டு வாருங்கள்.

அழைத்துப் போவது எப்படி? பொய் சொல்லி ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். அப்புறம் அவர் எந்த மருத்துவரையும் நம்ப மாட்டார். சாயங்காலம் அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். "உங்களுக்கு மனநோய்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "உங்கள் தூக்கமும் இந்த எரிச்சலும் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை, இதற்கென்று இருக்கிற டாக்டரைப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லுங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. மறுத்தால், அவர் நம்பும் சர்க்கரை மருத்துவரிடம் முதலில் போங்கள். அவரே மருந்தைத் தொடங்கி, எங்களிடம் அனுப்பலாம். அதற்கும் வராவிட்டால் நீங்கள் மட்டும் அந்தத் தாளோடு போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டார் முதலில் வந்து பேசுவது எங்களுக்குப் பழகியதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள், மாத்திரை இலவசம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. அந்த 85 பேரில் உங்கள் கணவர் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

அண்ணனிடம் வாதாடி நேரத்தைச் செலவிடாதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த இரண்டு மாதத்துக்குக் காலையில் கடையைத் திறந்துவைப்பது அவர் பொறுப்பு. காலை நேரம் உங்களுக்கு மருத்துவமனைக்கு வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகள், மெட்ஃபார்மின் சீட்டு, அந்தத் தூக்க மாத்திரை அட்டை மூன்றையும் இன்றிரவே ஒரு பையில் போட்டுவையுங்கள். நாளைக் காலையிலேயே புறப்படுங்கள்.